காலையில பேசிக்குவோம்

ஆகஸ்ட் திருவிழாவுக்குத் தலவிலைக்குப் போனால் புனித அன்னம்மாள் கோயில் வளவில் கூடாரம் அடித்து நாட்கணக்கில் தங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். சிங்களச் சனம் நிறைய வரும். தமிழரிலும் யாழ்ப்பாணம், மன்னார், மலையகம் என்று பல திசைக்காரர். தண்ணீர்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், மூன்று நாலு விதத் தமிழ் காதில் விழும்.

பெரியம்மா பாசையூர்க்காரி. அந்த வருடம் பக்கத்துக் கூடாரத்தில் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த குடும்பம். ஒரு பின்னேரம் அவர்களுடைய சின்னவன் அடித்த பந்து எங்கள் அடுப்பிலே விழுந்து, மீன்குழம்பு சட்டியோடு மணலில் கவிழ்ந்தது. தாய் பதறி ஓடிவந்தார். அதற்குள் செபமாலைக்கு மணி அடித்துவிட்டது. "மன்னிச்சிருங்கம்மா, காலையில பேசிக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்.

பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சட்டியையும் கவிட்டுப்போட்டு, விடியப் பேசுவாவாமோ? வரட்டும்!"

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் 'கதைப்போம்'. 'பேசு' என்பது மேடைக்கும் கலியாணத்துக்கும் ஒதுங்கிவிட்ட சொல். வீட்டுக்குள் அது ஏச்சு. "அப்பா பேசுவார்" என்றால் பிள்ளை ஒளிக்க இடம் தேடும். மலையகத் தமிழ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் தமிழ். அங்கே பேசுவது பேசுவதுதான். உலகத்தில் இது புதினமில்லை. ஸ்பானிய மொழியில் 'குவாகுவா' கியூபாக்காரருக்குப் பேருந்து, சிலிக்காரருக்குக் கைக்குழந்தை. அவ்வளவு தூரம் போவானேன்? தலவிலையிலேயே 'கச்சான்' கடலுக்குப் போகிறவருக்கு அந்த மாதத்தில் அடிக்கும் மேல்காற்று, திருவிழாக் கடைக்காரருக்கு வறுத்த நிலக்கடலை. கரையோரத்து மீன் 'வாடி'யைப் பற்றிக் கேட்டுவிட்டு, "யாரை வாடி போடி என்கிறார்கள்?" என்று திகைத்த சென்னை நண்பர் ஒருவரும் எனக்கு உண்டு.

பெரியம்மா என்ன நினைத்துவிட்டார் என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கியது. ஹட்டனில் சில காலம் படிப்பித்தவன் நான். ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. பகிடியாக இருந்தது. பெரியம்மா பாயில் புரண்டு புரண்டு விடியச் சொல்லப்போகும் பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க, நான் போர்வைக்குள் சிரித்துக்கொண்டு கிடந்தேன். பாதிச் சாமத்தில் பதிலோடு பதிலாகத் 'தோட்டக்காட்டுச் சனம்' என்ற சொல்லும் வந்தது. மலையகத்தாரை இழிவுபடுத்த எங்கள் ஊரில் வழங்கும் அந்தச் சொல்லுக்கு மட்டும் எந்தத் தமிழிலும் இரண்டாம் பொருள் கிடையாது. அப்போதாவது நான் எழும்பியிருக்க வேண்டும். சிரிப்பு நின்றதே தவிர வாய் திறக்கவில்லை. மூத்தவரை எதிர்த்துக் கதைப்பதா என்று எனக்கு நானே ஒரு சாட்டும் சொல்லிக்கொண்டேன்.

கூடாரச் சீலை மெல்லியது.

விடிய அவர் வந்தார். கடைத்தெருவில் வாங்கிய புது மண்சட்டி, அதற்குள் வாழையிலையில் சுற்றிய தேங்காய் ரொட்டி. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னிடம் நீட்டி, "அம்மாகிட்ட குடுத்துருங்க சார்" என்றார். கண் வீங்கியிருந்தது.

பெரியம்மாவிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். "ராத்திரியே சொல்ல உனக்கு வாயில்லையோ?" என்று எனக்குத்தான் நல்ல பேச்சு விழுந்தது. நியாயமான பேச்சு. பிறகு அவரே பக்கத்துக் கூடாரத்துக்குப் போய், "குறை நினையாதேங்கோ பிள்ளை" என்றார். "இருக்கட்டுங்கம்மா" என்று அவர் சொன்னார். அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை. அடுத்த வருடம் அந்தக் குடும்பம் கோயிலின் மறுபக்கத்தில் கூடாரம் அடித்திருந்தது.