பன்னி இல்லாத 'பன்னி'!

கொடைக்கானல் ஏரியில் படகு விட்டு, தூண் பாறை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் ஆபீஸ் கோஷ்டிகளே! ஒரு நாள் கூடத் தங்கினால் பூம்பாறை, மன்னவனூர் தாண்டி கவுஞ்சிக்கு பஸ் ஏறலாம். வழியெல்லாம் படிக்கட்டு மாதிரி வயல்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு. மன்னவனூரில் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் வேறு. (இந்தச் சாமான்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.) மெனு கார்டு, ஏ.சி. ஹால் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. டீக்கடை உண்டு. பசிக்குக் கவலை வேண்டாம்; அதைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கவுஞ்சியில் தென்னாப்பிரிக்கச் சாப்பாடு கிடைக்குமா? கிடைக்கும், நீங்களே செய்துகொண்டால்!

அந்த ஊர் டர்பனில் போய் இறங்கினால், "வாங்க, ஒரு பன்னி சாப்பிடலாம்" என்று அன்போடு கூப்பிடுவார்கள். சைவப் பார்ட்டிகள் பதறி ஓட வேண்டாம். அசைவப் பார்ட்டிகள் நாக்கைச் சப்புக் கொட்டவும் வேண்டாம். அதில் பன்றியும் இல்லை. இங்கிலீஷ் அர்த்தப்படி முயலும் இல்லை. 'பன்னி சௌ' என்பது முழுப் பெயர். 'பனியா' என்கிற குஜராத்தி வியாபாரிகள் நடத்திய கடைகளில் பிறந்ததாம். பனியா தேய்ந்து பன்னி ஆகிவிட்டது என்கிறார்கள்.

சமாசாரம் ரொம்ப சிம்பிள். துண்டு போடாத முழு ரொட்டியில் கால் பாகம். நடுவே குடைந்து பஞ்சை எடுத்துவிட்டு, குழியில் சுடச்சுடக் குழம்பு. எடுத்த பஞ்சே மூடி. 'கால் மட்டன்' என்றால் ஆட்டுக்கால் அல்ல, கால் ரொட்டி மட்டன்! சைவர்களுக்கு பீன்ஸ் கொட்டைக் குழம்பு. பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், வினிகர் கலந்த 'சம்பல்'. ஸ்பூன் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மேலிருந்து பிய்த்துத் தொட்டுக்கொண்டே கீழே இறங்க வேண்டும். அவசரப்பட்டு அடிச்சுவரை இடித்தால் குழம்பு சட்டைக்கு.

அந்தக் குழம்பு அங்கே போனது கப்பலில். 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. எல்லாம் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். டர்பனில் மட்டன் பன்னிக்குப் பேர் வாங்கிய ஒரு கடையின் பெயரே 'கவுண்டன்ஸ்' என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சரி, தட்டு இல்லாமல் ரொட்டி எதற்கு? தோட்டத்துக்கு எடுத்துப் போக வசதி என்பது ஒரு கதை. இன்னொரு கதைதான் தொண்டையில் சிக்குகிறது. நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களை ஓட்டலுக்குள் உட்கார வைத்துப் பரிமாறத் தடை. அதனால் ஜன்னல் வழியாகக் கொடுத்தனுப்ப, தின்றுவிட்டால் மிச்சமே இல்லாத பாத்திரம் தேவைப்பட்டதாம்.

குடிக்கிற விஷயமும் லேசுப்பட்டதல்ல. 1908-ல் வந்த ஒரு சட்டத்தை வைத்து டர்பன் முனிசிபாலிட்டி, கறுப்பர்களின் சோள பீரைக் காய்ச்சி விற்கிற உரிமை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. கிடைத்த லாபம், அவர்களையே கட்டி மேய்க்கிற நிர்வாகச் செலவுக்கு! 'டாஸ்மாக்'குக்குத் தாத்தா.

டர்பனில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிய நண்பர் கவுஞ்சி டீக்கடை வாசலில் இதையெல்லாம் சொல்லியபடியே, கொடைக்கானலில் வாங்கிய ரொட்டியைக் குடைந்தார். "என்னா தம்பி, ரொட்டியைக் கொலை பண்றீங்க?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. ஆனாலும் குழியில் சால்னா ஊற்றினார், கேரட்டும் துருவிக் கொடுத்தார். கேரட் மூட்டையை இறக்கிவிட்டு வந்த பெரியவர் பெஞ்சில் நகர்ந்து, "உக்காந்து சாப்புடுங்கப்பா. நின்னுக்கிட்டே தின்னா உடம்புல ஒட்டாது" என்றார். நண்பர் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

தென்னாப்பிரிக்காவில் 1994-ல் ஆட்சி மாறிவிட்டது. இன்று யாரும் உள்ளே உட்கார்ந்து கால் மட்டன் சொல்லலாம். அவர்களை ஏசுமுன் நம்ம லட்சணத்தையும் பார்க்க வேண்டும். 'இரட்டைக் குவளை' சுத்தமான தமிழ் வார்த்தைதான். தீண்டாமையைத் தண்டிக்க 1955-லேயே சட்டம் வந்தும், அதற்குப் பல வருஷம் கழித்தும் தமிழ்நாட்டு டீக்கடைகள் பலவற்றில் ஒரு சாராருக்குத் தனி கிளாஸ். பெஞ்சில் இடம் கிடையாது.

ஓட்டலுக்கு மார்க் போடும் இளைஞர்களே! ருசிக்கு ஐம்பது, சுத்தத்துக்கு இருபத்தைந்து போடுங்கள். மிச்ச இருபத்தைந்தைக் கையில் வைத்திருங்கள். அழுக்கு வேட்டியோடு ஒருத்தர் உள்ளே வரும்போது கடைக்காரர் "உக்காருங்க" என்கிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.