புழுக்களைத் தேடிப் போன அம்மாள்

கொய்யாப் பழத்தை நறுக்கும்போது உள்ளே புழு நெளிந்தால் நாம் என்ன செய்கிறோம்? “சீ!” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பழத்தையே தூக்கி எறிகிறோம். புழுக்களைப் பார்ப்பதற்கென்றே, 52 வயதில், கப்பலேறி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார் ஓர் அம்மாள்!

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள ஸூரினாம் நாட்டின் தலைநகரம் பாரமரிபோ. அங்கே ஆற்றங்கரையில் நின்றபோது எனக்கு அந்த அம்மாளின் ஞாபகந்தான். டச்சுக்காரர் காலத்துக் கோட்டை, வெள்ளை வர்ணம் பூசிய மர வீடுகள், காப்பி நிறத்தில் ஓடும் ஆறு. வெயிலோ, நம் சென்னை வெயிலுக்கு அண்ணன். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. அவர் இங்கே சுமார் இரண்டு வருஷம் இருந்தார்.

மரியா ஸிபில்லா மெரியன் 1647-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப் புழு வளர்த்து, அது கூடு கட்டிப் பூச்சியாவதைப் படமாக வரைந்தார். புழுக்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே பிறக்கின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. பிற்பாடு, கணவரைப் பிரிந்து, ஆம்ஸ்டர்டாமில் சித்திரம் விற்றுப் பிழைத்தார். அந்தச் சித்திரங்களை விற்ற பணத்தில்தான் 1699-ல், 21 வயது மகள் டாரத்தியாவுடன் இங்கே வந்து இறங்கினார்.

தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பைத் தவிர வேறு நினைப்பில்லை. புழுப் பொறுக்க வந்தவளைக் கண்டு சிரித்தார்கள். அவரோ காட்டுக்குள் போனார். கோடரியால் வழி வெட்டிக் கொடுத்தவர்கள் அடிமைகள். ஆம், அவரும் அடிமைகளிடம் வேலை வாங்கியவர்தான். இதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் பேசியதை அவர் காது கொடுத்துக் கேட்டார். நம் வீட்டு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறதே மயில்கொன்றை, அதை வரைந்து பக்கத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். எஜமானர்களின் கொடுமை தாளாத அடிமைப் பெண்கள், தங்கள் வயிற்றுக் குழந்தையும் அடிமையாக வேண்டாமென்று, அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்துக் கொண்டார்களாம். “அவர்களே என்னிடம் சொன்னார்கள்” என்கிறார். பூச்சிப் புத்தகத்தில் இதை எழுத வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? ஆனாலும் எழுதினார்.

1701-ல், நோய் தாங்காமல் ஊர் திரும்பினார். 1705-ல் 60 சித்திரங்களோடு புத்தகம் வெளிவந்தது. செடி, அதைத் தின்னும் புழு, கூடு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒரே படத்தில்! பிற்காலத்தில் பிராணிகளுக்கும் செடிகளுக்கும் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்தப் படங்களைப் பயன்படுத்தினார். யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் அம்மாளின் முகம் இருந்தது. ஸூரினாமிலிருந்து தம்மோடு ஒரு பழங்குடிப் பெண்ணையும் ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துப் போனார். அவள் பெயர் மட்டும் புத்தகத்தில் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள், பூப் பறிக்க வந்த பக்கத்து வீட்டு மாமி, “மயில்கொன்றை விதை இருந்தால் நாலு கொடேன், எங்கள் வேலியோரம் போடுகிறேன்” என்றார். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். “ஏன்?” என்றார் மாமி. திண்ணையில் உட்காரச் சொன்னேன்.