ராணி முடிவெடுப்பதில்லை

தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்புகளில் விலங்குகள் தவறாமல் வந்துவிடும். சிங்கம் வரும், ஓநாய் வரும், வரிசை கட்டிப் பறக்கும் வாத்துகள் வரும். தேனீ வந்தால் ராணித் தேனீயாகத்தான் வரும். ஒருத்தி கட்டளையிடுகிறாள், ஆயிரக்கணக்கானவர்கள் கேள்வி கேட்காமல் உழைக்கிறார்கள் என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தேனீக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய மிகப் பெரிய விஷயத்தை இவர்கள் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தேன்பெட்டி வைத்திருந்த என் சித்தப்பா வீட்டில், தேனீக்கள் குடி பிரிவதைச் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் கூட்டம் பெருகி நெருக்கடியானதும் பழைய ராணியும் பணித் தேனீக்களில் பெரும்பகுதியும் வெளியேறி, பக்கத்துப் பலாமரக் கிளையில் தாடிபோலக் கொத்தாகத் தொங்கும். சித்தப்பா பொறுமையாக ராணியைத் தேடிப் பிடித்துப் புதுப்பெட்டிக்குள் விடுவார். “ராணி உள்ள போனா போதும் மக்கா, மத்ததெல்லாம் தன்னால வந்துரும்” என்பார். வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டியோடு மனிதர் யாரும் வராவிட்டால் அந்தக் கூட்டம் எங்கே போகும், யார் சொல்லிப் போகும்?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது போரில் இடிந்து கிடந்த ம்யூனிக் நகரில். தேனீக்கள் ஆடி ஒன்றுக்கொன்று இடம் சொல்வதைப் படித்தறிந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர். அவர் 1949-ல், தொங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் ஆடுவதைக் கவனித்தார். உணவைக் கண்டுவந்த தேனீ ஆடினால் மகரந்தமோ தேனோ கொண்டுவந்திருக்க வேண்டும். இவற்றின் உடம்பிலோ அழுக்கு. ஒன்றின் மேல் புகைக்கரி, இன்னொன்றின் மேல் செங்கல் தூள், வேறொன்றின் மேல் மாவு. இடிபாடுகளுக்குள் நுழைந்து வீடு பார்த்துவிட்டு வந்திருக்கின்றன! எந்த இடத்துக்காகக் கடைசியில் எல்லாமே ஒன்றுபோல ஆடினவோ, அங்கேதான் கூட்டம் போய்க் குடியேறியது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சீலி. மெய்ன் மாநிலக் கடலோரத்தில் ஆப்பிள்டோர் என்ற சின்னத் தீவு. பெரிய மரங்களே கிடையாது என்பதால் தேனீ குடியேறத் தோதான பொந்தும் இல்லை. சீலி தானே செய்த பெட்டிகளை அங்கே வைத்து, கூட்டங்களைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அவர் பார்த்தது ஐரோப்பியத் தேனீ. அதற்குச் சுமார் 40 லிட்டர் கொள்ளளவும், சிறிய வாசலும், தரையிலிருந்து நல்ல உயரமும் வேண்டும்.

சுமார் பத்தாயிரம் தேனீக்கள் உள்ள கூட்டத்தில் வீடு தேடிப் போவது சில நூறுதான். நல்ல இடம் கண்டவள் திரும்பி வந்து நெடுநேரம் ஆடுவாள். சுமாரான இடம் கண்டவள் கொஞ்சம் ஆடிவிட்டு நிறுத்திவிடுவாள். ஆட்டத்தைப் பார்த்த இன்னொருத்தி உடனே சேர்ந்து ஆடிவிடுவதில்லை. தானே பறந்துபோய், பொந்துக்குள் நுழைந்து நடந்து பார்த்த பிறகே வந்து ஆடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. முதலில் கண்டவள், இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு முறை போய் வரும்போதும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஓய்ந்துவிடுகிறாள். பிடிவாதக்காரர்களால் முடிவு தள்ளிப்போவதில்லை. போட்டி இடத்துக்காக ஆடுபவளைத் தலையால் முட்டி நிறுத்தச் சொல்வதும் உண்டு. ஏதாவது ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் இருபது முப்பது தேனீக்கள் சேர்ந்துவிட்டால் தீர்மானம் ஆகிவிட்டது. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்லி மற்றவர்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள், கூட்டம் கிளம்புகிறது.

இவ்வளவு நடக்கும்போது ராணி கொத்துக்குள் சும்மா இருக்கிறாள். அவள் வேண்டும்; வழியில் அவள் தவறிப்போனால் கூட்டமே திரும்பிவிடும். அவளுடைய வாசனைதான் எல்லோரையும் ஒன்றாக வைத்திருக்கிறது. சித்தப்பா சொன்னதன் உண்மை அதுதான். ஒரு தலைமையின் முதல் வேலை இதுவே என்று நினைக்கிறேன்: ஆட்களைச் சேர்த்து வைத்திருப்பது, பார்த்து வந்தவர்களின் வாயை அடைக்காமல் இருப்பது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்ற ஒருமுறை கூட்டம் போட்டார்கள். மேலதிகாரி உட்கார்ந்ததும் முதல் ஆளாகத் தன் விருப்பத்தைச் சொன்னார். பிறகு பேசியவர்கள் எல்லோரும் அதற்குக் காரணங்களை அடுக்கினார்கள். அவர் விரும்பிய கட்டடம் இருந்த தெருவில் மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணனுக்குத் தெரியும். அவர் வீடு அங்கேதான். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அவரை யாரும் கேட்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே கீழ்த்தளத்துக் கோப்புகள் நனைந்துபோயின. யாரும் கெட்டவர்கள் இல்லை; எல்லோரும் படித்தவர்கள். ஒருவர்கூட அந்த இடத்தை நேரில் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சீலி கார்னெலில் தன் துறைக்குத் தலைவரானபோது தேனீக்களிடம் கற்றதைப் பேராசிரியர் கூட்டங்களில் நடைமுறைப்படுத்திப் பார்த்தார். தலைவர் தன் கருத்தைத் திணிக்காமல் எல்லோருடைய யோசனைகளும் மேசைக்கு வர இடம் கொடுப்பதை வலியுறுத்தினார். நம் ஊரில் ஊராட்சிக் கூட்டத்துக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கூட்டம் நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக அனுப்பி விஷயத்தை நேரில் பார்த்து வரச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் தேநீர் கொடுப்பவராக இருக்கட்டும்.