சபாக் பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவுக்குக் கால் வலி குறைந்ததா? சனிக்கிழமை தம்பி சபாக் வரும்போது ஒரு சின்ன ரேடியோ செட் கொண்டு வருவான். அது உங்களுக்குத்தான்.

கோயில் திருமுறை வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்கள் என்று பெரியம்மா சொன்னதும் எனக்கு மனசு ஆறவில்லை. காதில் மெஷின் போட்டும் வார்த்தை பிடிபடவில்லை என்றீர்களாம். செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் அத்தனை வருஷம் நின்ற காது அது. ஆலை இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேல்சுருதியை. குரல் கேட்கும், ‘கால்’ என்றார்களா ‘பால்’ என்றார்களா என்றுதான் தெரியாது. 1989ஆம் ஆண்டின் ஆலை இரைச்சல் விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை விட்டுவைத்தன. 85 ஆனது 2019இல்தான். நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது.

வகுப்பில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் வரை இறங்கும். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியின் சத்தம் இறங்காது. மெஷின் இரண்டையும் சேர்த்தே கூட்டிக் கொடுக்கும். அதனால் யாரையும் கத்திப் பேசச் சொல்லாதீர்கள், தம்பி கொண்டு வரும் செட்டின் மைக்கைக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

செட்டில் இரண்டு பெட்டி இருக்கும். மைக் உள்ள பெட்டி வாத்தியாருக்கு, வாய்க்கு ஒரு சாண் கீழே. மற்றது உங்கள் சட்டைப்பையில். இரண்டிலும் ஒரே சேனல் எண் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியோடு வரும் கழுத்து வளையத்தைப் போட்டுக்கொண்டு, காது மெஷினை ‘டி’ நிலைக்கு மாற்றுங்கள். வளையத்தின் காந்தப்புலம் வழியாக வாத்தியார் குரல் மெஷினுக்குள் நேரே போகும். பக்கத்தில் இருப்பவர் பேச்சு அப்போது கேட்காது. அவரோடு பேச வேண்டுமென்றால் மெஷினைப் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள். சத்தத்தை அடியில் வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். வளையத்தின் ஒயர்தான் ஏரியல், சுருட்டி வைக்க வேண்டாம். மின்னல் எப்.எம். இதில் வராது, அதற்கு உங்கள் பழைய ரேடியோதான்.

ஒன்று மட்டும் கவனம். நான் அனுப்பும் பேட்டரியைத்தான் சார்ஜ் போடலாம். கடையில் வாங்கும் சாதாரண பேட்டரியைச் சார்ஜரில் வைத்தால் ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனைக்குப் போகும்போதும் எடுத்துப் போங்கள். மைக்கை டாக்டர் முன்னால் மேசையில் வைத்தால் போதும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதைப் பெரியம்மா வழியாக இல்லாமல் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிது.

ஒரே சேனலில் வைத்தால் ஒரு மைக்கை எத்தனை பெட்டியிலும் கேட்கலாம். உங்களோடு ஆலையில் நின்றவர்கள் பலருக்கும் இதே கதைதானே. கோயிலுக்கு இன்னும் நாலைந்து பெட்டி வாங்குவது பற்றித் கோயில் தலைவரிடம் பேச நினைக்கிறேன். முதலில் நீங்கள் போட்டுப் பார்த்து, எது கேட்டது, எது கேட்கவில்லை என்று தம்பியிடம் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்ன மகள்