நிச்சிஜோ - கை நழுவிய ஒரு சாசேஜ்

அனிமே என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது டிராகன் பால், நருடோ, டெத் நோட். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான், கையிலிருந்து ஒளி பாயும், மலை இரண்டாகப் பிளக்கும். அதெல்லாம் வேண்டாம், சாப்பிடும்போது ஒரு இருபது நிமிஷம் சிரித்தால் போதும் என்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் 'நிச்சிஜோ' உங்களுக்கான தொடர். இந்த ஜப்பானியச் சொல்லுக்கு 'அன்றாட வாழ்க்கை' என்று அர்த்தம்.

கெய்ச்சி அராவி 2006-ல் ஆரம்பித்த மங்கா இது. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2011-ல் 26 எபிசோடுகளாக எடுத்தது. இயக்கம் தத்சுயா இஷிஹாரா.

கதை? அப்படி ஒன்றும் கிடையாது. யூக்கோ, மியோ, மாய் என்று மூன்று பள்ளித் தோழிகள். யூக்கோ வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து மியோவின் நோட்டுக்குக் கெஞ்சுகிற ரகம். மியோ யாருக்கும் தெரியாமல் மங்கா வரைபவள். மாய் வாயே திறக்க மாட்டாள், மரத்தில் புத்தர் சிலை செதுக்குவாள். இன்னொரு வீட்டில் எட்டு வயது விஞ்ஞானி ஒருத்தி. பெயரே ஹகாசே, அதாவது பேராசிரியர். அவள் செய்த ரோபோ பெண் நானோ. கூடவே சிவப்பு ஸ்கார்ஃப் கட்டினால் மட்டும் பேசுகிற சகாமோட்டோ என்ற கறுப்புப் பூனை. அவ்வளவுதான்.

ஆனால் முதல் எபிசோடிலேயே ஒரு காட்சி வருகிறது பாருங்கள்... மதிய உணவு நேரம். யூக்கோவின் சாப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சாசேஜ் நழுவுகிறது. ஆக்டோபஸ் மாதிரி வெட்டிய குட்டி சாசேஜ். உடனே காலமே மெதுவாகிறது. அவள் பாய்கிறாள், அது துள்ளுகிறது, மறுபடி பாய்கிறாள். பெரிய சண்டைப் படத்தின் உச்சக்கட்டம் மாதிரி போகிறது. கடைசியில் பிடித்தாளா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் :-)

தொலைக்காட்சி அனிமேவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். அத்தனைக்கும் தனித்தனியாக வரைந்தால் காசும் நேரமும் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு படத்தையே மூன்று பிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டுப் படத்தோடு முடித்துக்கொள்வது வழக்கம். பேசுகிற காட்சி என்றால் வாய் மட்டும் அசையும். நல்ல ஓவியங்களைச் சண்டைக்கென்று சேர்த்து வைப்பார்கள். நிச்சிஜோவில் அந்த உழைப்பெல்லாம் ஒரு சாசேஜுக்குப் போகிறது! இன்னொரு எபிசோடில் பள்ளி முதல்வர் ஒரு மானோடு மல்யுத்தம் செய்து அதைத் தூக்கி அடிக்கிறார். மற்ற நேரங்களில் அவர் கடி ஜோக் சொல்லிக் கழுத்தறுக்கும் சாதாரண மனிதர்.

இந்தத் தொடரின் நகைச்சுவை இதில்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் தப்பான கையில் மாட்டுவதும், சொன்ன ஜோக்குக்குத் தோழி சிரிக்காமல் போவதும் பதினாறு வயதில் உண்மையிலேயே உலகம் அழிகிற சமாசாரம். பெரியவர்கள் அதை மறந்திருப்பார்கள். நிச்சிஜோ மறக்கவில்லை. அந்த வயதுக்கு அது எவ்வளவு பெரிசோ, அவ்வளவு பெரிசாகவே வரைந்து காட்டுகிறது.

எல்லாமே சிரிப்பு வருமா என்றால், வராது. சில துணுக்குகள் சுத்த மொக்கை. ஜப்பானிய வார்த்தை விளையாட்டுகள் சப்டைட்டிலில் செத்துப்போகின்றன. முதல் இரண்டு எபிசோடில் 'என்னய்யா இது' என்று மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மூடாமல் இருந்தவர்களுக்கு நானோ கிடைப்பாள். அவள் முதுகில் பெரிய சாவி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது, எல்லோரையும் போலப் பள்ளிக்குப் போக வேண்டும், அதுதான் அவள் ஆசை. ஹகாசேயோ அந்தச் சாவி அழகு என்று கழற்ற மறுப்பாள். போதாததற்கு நானோவின் கையைத் திறந்தால் ரோல் கேக் வருகிற மாதிரி வேறு செய்து வைத்திருப்பாள். தொடரின் பாதிக்கு மேல்தான் நானோ பள்ளிக்குப் போகிறாள். கடைசி எபிசோடில் ஹகாசே தானாகவே சாவியை எடுத்துவிடலாம் என்று வருகிறாள். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்கிறாள் நானோ. இதை யாரும் பாடமாகச் சொல்வதில்லை, அழுகை இசையும் கிடையாது. ஆனால் அந்த இடத்தில் சிரிப்பு கொஞ்சம் நின்றுவிடும்.

வெளிவந்த சமயம் ஜப்பானில் டிஸ்க் விற்பனை சுமார்தான். அப்புறம்தான் மெதுவாக உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

இன்றைக்கு இதைப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷனின் ஸ்டுடியோ ஒன்றுக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் இறந்துபோனார்கள். நிச்சிஜோவின் பாத்திர வடிவமைப்பாளர் ஃபுதோஷி நிஷியா அவர்களில் ஒருவர். வயது 37. அந்தச் செய்தி தெரிந்தபின் சாசேஜ் காட்சியைத் திரும்பப் பார்த்தால் சிரிப்பு வராமல் போகுமோ என்று பயப்பட வேண்டாம், வரத்தான் செய்கிறது. கூடவே இன்னொன்றும் தோன்றும். யாரோ ஒரு மேஜையில் குனிந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆட்கள் பத்து நொடி சிரிப்பதற்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

அந்த நிறுவனம் மூடிப்போகவில்லை. 2025-ல் அதே அராவியின் இன்னொரு மங்காவான 'சிட்டி'யைத் தொடராக எடுத்தது. அதிலும் பெரிய கதை கிடையாது, ஒரு ஊரும் அதன் மனிதர்களும்தான்.

பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே மூச்சில் 26-ஐயும் முடிக்காதீர்கள், திகட்டிவிடும். நாளுக்கு ஒன்று போதும். மதியச் சாப்பாட்டோடு என்றால் இன்னும் நல்லது. தட்டில் சாசேஜ் இருந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை!