செம்மண்ணில் சோகை

பக்கத்து வீட்டுப் பெரியம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு புதுக்கோட்டைக்கு வந்தவர். கோத்தகிரிக்குப் போன மகனிடம் சொல்லி ஒரு தேயிலைக் கன்று வாங்கித் தொட்டியில் வைத்தார். நம் வெயிலுக்கு அது தாங்குமா என்று நான் கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்று செழிப்பாகத்தான் இருந்தது. பங்குனியில் கொழுந்து வெளுத்தது. நரம்பெல்லாம் பச்சை, நரம்புக்கு நடுவே எலுமிச்சை நிறம். அடியிலைகளுக்கு ஒன்றுமில்லை.

"பாவம், பசி தம்பி அதுக்கு" என்று யூரியா போட்டார். அசையவில்லை.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அடியிலைதான் முதலில் பழுக்கும். இரும்பு அப்படி எளிதில் நகராது. அதனால் பஞ்சம் வந்தால் கொழுந்துக்குத்தான் வரும். தேயிலைக்கும், அதன் இனத்தைச் சேர்ந்த ஊட்டிப் பூங்காக் கமேலியாவுக்கும் இதே கதைதான்.

செம்மண் ஊரில் இரும்புக்குப் பஞ்சமா? மண்ணுக்கு அந்தச் சிவப்பே இரும்பால் வந்தது. பக்கத்துப் பொற்பனைக்கோட்டையில் அந்தக் காலத்தில் இரும்பே உருக்கியிருக்கிறார்கள். ஆனால் வேர் உறிஞ்ச இரும்பு கரைய வேண்டும். அதற்கு மண் புளிப்பாக, அதாவது அமிலமாக இருக்க வேண்டும். தேயிலை கேட்பது 4.5 முதல் 5.5 வரை கார அமில நிலை (pH). மழை நின்றதும் பெரியம்மா ஊற்றியது போர் தண்ணீர், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரால் மண்ணில் காரம் ஏற ஏற இரும்பு துருவாகவே கிடக்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் ஊறும் சுவரோரத்து இட்லிப்பூச் செடி வெளுப்பதும், அதே செடி கொல்லையில் கரும்பச்சையாக நிற்பதும் இதனால்தான்.

எல்லா மஞ்சளும் சத்துக் குறைவல்ல; உளுந்து மஞ்சளானால் விஷயம் வேறு. அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். எந்த உரத்துக்கும் கேட்காது. வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம் அதைத் தாங்கும் ரகங்களையே கொடுத்திருக்கிறது.

தேயிலைக் கன்றுக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்ததும் தெளித்தோம். சில நாளில், துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி, அம்மை வார்த்தது போல! தெளிப்பு படாத இடம் மஞ்சளாகவே இருந்தது. டைல்ஸில் விழுந்த துளிகள் துருக்கறையாகி, மருமகளிடம் இருவருக்கும் திட்டு.

இது கைவைத்தியம்தான், அடுத்த கொழுந்து மறுபடி வெளுத்தே வரும். தண்ணீர் மாற வேண்டும். பெரியம்மா இப்போது மாடியில் விழும் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடிக்கிறார். என்னைக் கேட்டால் அதை இட்லிப்பூவுக்கு ஊற்றலாம். அவரிடம் யார் சொல்வது?