பல் பதிந்த டயர்

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் மேற்கே கிளம்பினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஷிஸுவோகா. ஆனால் அவசரத்தில் 'நொஸோமி' என்று பெயர் போட்ட வண்டியில் ஏறிவிடாதீர்கள். இருக்கிறதிலேயே வேகமான வண்டி அது. ஷிஸுவோகாவை எட்டிக்கூடப் பார்க்காமல் பறந்துவிடும். அங்கே நிற்கிற 'ஹிகாரி'யாகப் பார்த்து ஏற வேண்டும். எக்ஸ்பிரஸ் நிற்காத ஸ்டேஷன்காரர்களின் வயிற்றெரிச்சல் உலகம் பூரா ஒன்றுதான்!

இந்த ஊர்த் தேயிலை பிரசித்தம். வானம் தெளிந்திருந்தால் ஃபுஜி மலை தெரியும். கறுப்புக் குழம்பில் ஊறிய ஐட்டங்களைக் குச்சியில் குத்தி, மேலே கருவாட்டுப் பொடி தூவி 'ஓடென்' என்று தருவார்கள். சைவர்கள் தேநீரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இதெல்லாம் ஓரம். ஊருக்கு உண்மையான மவுசு பிளாஸ்டிக் மாடல்களால். கார், கப்பல், விமானம், டாங்கி என்று பெட்டிக்குள் துண்டு துண்டாக வருமே, அந்த கிட்கள். ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் கிட்களில் பெரும்பகுதி இந்த ஊர்ச் சரக்கு. ஊருக்குள் ஒரு தபால் பெட்டியையே, இன்னும் பிய்த்தெடுக்காத கிட் பாகங்கள் சட்டத்தில் தொங்குகிற மாதிரி அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். பொம்மை என்று நினைக்காதீர்கள். கடிதம் போட்டால் போய்ச் சேரும்.

ஏன் இந்த ஊர்? 1607-ல் தொகுகாவா இயாசு ரிடையர் ஆகி இங்கே வந்து உட்கார்ந்தார். அப்போது ஊருக்கு 'ஸுன்பு' என்று பெயர். கோட்டை, கோயில் வேலைக்கு நாடெங்கிலுமிருந்து தச்சர்கள் வந்தார்கள். வேலை முடிந்தும் ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார்கள் என்பது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் கதை. மரவேலை ஊரில் 1924-ல் அவோஷிமா கம்பெனி பிறந்தது. மர விமான மாடல்கள் செய்தது. 1946-ல் தாமியா குடும்பம் மர வியாபாரம் ஆரம்பித்து, பிறகு மர மாடல்களுக்கு வந்தது. வெளிநாட்டு பிளாஸ்டிக் வந்து மரத்தை அடித்துத் தள்ள, தாமியாவும் 1960-ல் 'யமாத்தோ' போர்க்கப்பலை பிளாஸ்டிக்கில் இறக்கியது. கப்பல் வியாபாரத்தில் மூழ்கியது. அடுத்து வந்த பான்தர் டாங்கிதான் கம்பெனியைக் கரையேற்றியது.

1967-ல் வந்தது நம் கதாநாயகன்: ஹோண்டா ஆர்.ஏ.273 ஃபார்முலா ஒன் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு மாடல். நிஜக் காரில் 3 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின். ஆள் கொஞ்சம் குண்டு. ஆனாலும் அந்த வருஷம் தென்னாப்பிரிக்கப் பந்தயத்தில் ஜான் ஸர்டீஸ் கையில் மூன்றாவதாக வந்தது. தந்த நிற வெள்ளை உடம்பு. மூக்கில் சிவப்புச் சூரியன். அன்றைய ஜப்பானியப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்த கார்.

அப்படித் தூக்கம் கெட்ட ஒரு பையனின் காரை நான் பார்த்தேன்.

2025 மே மாதம் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் அங்கே இருந்தேன். பக்கத்து மேஜைக்காரருக்கு வயது 64. ரிடையர் ஆனபின் அதே கம்பெனியில் மறுபடி உத்தியோகம். மே மாதம் அங்கே ஹாபி ஷோ நடக்கும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு அழைத்துப் போனார். கோட்டு சூட்டுக்காரர்கள் எல்லாம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கட்டைவிரல் நீளக் காருக்குள் ஸ்டியரிங் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். அப்புறம், "வீட்டுக்கு வாங்க, ஒரு நோயாளியைக் காட்டுறேன்" என்றார்.

மேஜைமேல் செய்தித்தாள் விரித்து அந்த ஹோண்டா கிடந்தது. இரண்டு சக்கரம் தனியே, சஸ்பென்ஷன் கம்பி ஒடிந்து, உடம்பெல்லாம் பசைத் திட்டு.

கட்டியது அவருடைய அண்ணன். 1967-ல் அண்ணனுக்கு 12 வயது, இவருக்கு 6. புதுவருஷத்துக்குப் பெரியவர்கள் கொடுத்த காசைச் சேர்த்து வாங்கி, ஒரு மாசம் உட்கார்ந்து கட்டியிருக்கிறார். அண்ணன் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் தம்பி எடுத்து விளையாடி, ஏறி மிதித்து, போதாக்குறைக்கு டயரைக் கடித்தும் பார்த்துவிட்டான். அண்ணன் அடிக்கவில்லை. காரைப் பெட்டியில் போட்டு மூடினார். அதற்கப்புறம் ஒரு கிட்கூட அவர் கட்டவில்லை.

"அடிச்சிருந்தா அன்னிக்கே கணக்குத் தீர்ந்திருக்கும்" என்றார் நண்பர்.

அண்ணனுக்கு இப்போது எழுபது. ஸ்ட்ரோக் வந்து வலது கை சரியாக வேலை செய்வதில்லை. வீட்டைக் காலி செய்தபோது பெட்டி வெளியே வந்தது.

"இதே கிட்டை மறுபடி தயாரிச்சு வித்திருக்காங்களே. புதுசு ஒண்ணு வாங்கிக் கட்டிக் கொடுத்துடலாமே?" என்றேன்.

"அது நான் கட்டினதா இருக்கும். இது நீ-சான் கட்டினது." நீ-சான் என்றால் அண்ணா.

வைத்தியம் சுலபமில்லை. இந்தப் பசை நம் கோந்து மாதிரி நடுவில் உட்கார்ந்து ஒட்டுகிற ஆசாமி அல்ல. பிளாஸ்டிக்கையே கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடும். ஒட்டினால் ஒட்டினதுதான். அதனால் காரை ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்தார். குளிரில் பழைய பசை மொறுமொறுப்பாகி, சில மூட்டுகள் மெல்லிய பிளேடுக்கு விட்டுக்கொடுக்கும். மீனுக்குப் பக்கத்தில் ரேஸ் கார் படுத்திருப்பதில் அவர் மனைவிக்குச் சம்மதமில்லை.

அடுத்து பெயின்ட். பெட்ரோல் டாங்கில் சேரும் தண்ணீரை நீக்க ஒரு திரவம் விற்கிறார்கள். ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் சமாசாரம். ஜப்பானிய மாடல்காரர்கள் அதில்தான் பாகங்களை முக்குகிறார்கள். பழைய பெயின்ட் தோல் உரிகிற மாதிரி வந்துவிடும். ஆனால் கண் மறந்து ஊறப்போட்டால் மெல்லிய கம்பிகள் விரிசல் விடும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்தில் நெருப்புக் கூடாது.

காணாமல்போன கம்பிகளுக்கு வழி இருக்கிறது. மிச்சமிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திக்கு மேலே காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீளும். வேண்டிய தடிமனில் நறுக்கிக்கொள்ளலாம். உடைந்த முன் கண்ணாடிக்குச் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கத்தரித்தார். பசைத் திட்டுகளுக்கு உப்புத்தாள்: முதலில் 400, பிறகு 600, அப்புறம் 1000, தண்ணீர் தொட்டுத் தொட்டு. அவசரப்பட்டால் அண்ணனின் கார் தம்பியின் காராகிவிடும்.

எல்லாம் சரி, அந்தக் கடித்த டயர்? புது டயர் ஒன்று வாங்கித் தயாராக வைத்திருந்தார். போனில் அண்ணனிடம் சொன்னாராம். பதில் ஒரே வரி: "எதை வேணா மாத்து, அந்த டயரைத் தொடாதே."

அதிலும் ஒரு சிக்கல். பழைய ரப்பர் டயரிலிருந்து எண்ணெய்ப்பசை கசிந்து, பக்கத்து பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். அந்தச் சக்கரம் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தது. அதைச் சமன் செய்து, சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆறு வயசுப் பல் நான்கு, வரிசையாக அப்படியே தெரிந்தது.

பிரித்து அளப்பதைப் பற்றிப் பேசும்போது தாமியாவின் ஷுன்சாக்கு தாமியாவைச் சொல்லாமல் முடியாது. போர்ஷே மாடல் செய்ய ஒரு நிஜ போர்ஷே 911-ஐயே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டவர் அவர். திரும்பப் பூட்டுவதற்கு போர்ஷே டெக்னீஷியன்களின் உதவி தேவைப்பட்டது. மாடல் 1976-ல் வெளிவந்தது. 2025 ஜூலையில் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். பிரிப்பது யாராலும் முடியும். பூட்டுவதற்கு இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

நான் ஊர் திரும்பி மூன்று மாசம் கழித்து நண்பரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அண்ணன் மேஜைமேல் ஹோண்டா, வெள்ளை வெளேரென்று. கூடவே சேதி. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தாராம். டயரை விரலால் தடவினாராம். பிறகு, "பெயின்ட் நான் அடிச்சதைவிட நல்லா இருக்கு. அதுதான் பிடிக்கலை" என்றாராம்.

ஆனால் அடுத்த வாரமே அண்ணன் ஒரு புது கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகிறார்கள். பசை பூசுவது தம்பி. திட்டுவது அண்ணன். 58 வருஷ பாக்கி, தவணை முறையில் வசூலாகிறது!